மூணு இஎம்ஐ பாக்கி இருக்கும்போதே புது மாடல் வந்துடுச்சு

2025 ஜூன்ல மீன்பிடி தடைக்காலம் முடிஞ்சு போட்டெல்லாம் கடலுக்குப் போய்ட்டு வந்த மொத ஞாயித்துக்கெழம, காசிமேட்டுல என் பழைய போன் செத்துப்போச்சு. ஜூன் 14 வரைக்கும் ரெண்டு மாசம் நல்ல மீன் இல்லாம காஞ்சு கெடந்த ஊரு, அன்னிக்கு மொத்த வடசென்னையும் அங்கதான் நிக்குது, நானும் சட்டப் பாக்கெட்ல போனை வச்சுக்கிட்டு சங்கரா கூறு எவ்ளோன்னு கேக்க குனிஞ்சேன், அது வழுக்கிக்கிட்டு நேரா ஐஸ் தண்ணி டப்புக்குள்ள போய்டுச்சு. மீன்காரம்மா என்னவிட வேகமா கைய விட்டு எடுத்து முந்தானையில தொடச்சு குடுத்துட்டு, "இத்த நான் ஃப்ரீயா தரேன், மீனுக்கு மட்டும் துட்டு குடு நைனா"ன்னு சிரிச்சாங்க. சுத்தி இருந்தவங்களும் சிரிச்சாங்க. அஞ்சு வருஷ போன், அரிசி மூட்டைக்குள்ள ரெண்டு நாள் போட்டும் கண்ணு தொறக்கல.

சரி, வாங்கறதுதான் வாங்கறோம், ஒரு தடவ நல்லதா வாங்கிடுவோம்னு ஐபோன் 16 வாங்கிட்டேன், 128 ஜிபி. எம்ஆர்பி 79,900, கடைக்காரர் குறைச்சு பில்லு 72,000க்கு போட்டாரு, ஆறு மாச நோ காஸ்ட் இஎம்ஐ, மாசம் 12,000. செப்டம்பர்ல புது மாடல் வரும்னு எனக்கு தெரியாதான்னு கேக்காதீங்க, தெரியும், வருஷா வருஷம் செப்டம்பர்னா ஐபோன் வரும்னு தண்டையார்பேட்டைல டீக்கடைல உக்காந்திருக்கறவருக்கும் தெரியும். ஆனா போன் இல்லாம மூணு மாசம் எப்படி ஓட்டறது? என் பொழப்பே போன்லதான்.

நான் பாரிஸ் கார்னர்ல ஒரு கிளியரிங் ஆபீஸ்ல இருக்கேன், ஹார்பருக்கு வர்ற சரக்குக்கு கஸ்டம்ஸ் வேலைய முடிச்சுக் குடுக்கற ஆபீஸ். பாதி நாள் ஆபீஸ், பாதி நாள் ஹார்பர், இல்லன்னா மணலி பக்கம் கன்டெய்னருங்கள கொண்டுவந்து வைக்கற சிஎஃப்எஸ் யார்டு. கன்டெய்னர் நம்பர், சீல் நம்பர், உள்ள சரக்கு எப்படி இருக்கு, எங்க அடி வாங்கியிருக்கு, எல்லாத்தையும் போட்டோ எடுத்து சரக்குக்கார பார்ட்டிக்கு அனுப்பணும். கன்டெய்னர் நம்பர்ல நாலு எழுத்து ஏழு நம்பர் இருக்கும், கடைசி நம்பர் முன்னாடி இருக்கறது சரியான்னு சோதிக்கறதுக்குன்னே வச்சது, அது போட்டோவுல தெளிவா விழலன்னா திரும்ப ஒரு நடை யார்டுக்கு போகணும். ஹார்பர் ஜீரோ கேட்டு டிரெய்லர் லைன்ல சிக்கினவங்களுக்குத் தெரியும் ஒரு நடைன்னா என்னன்னு. அதனால கேமராவுக்கு காசு குடுத்தேன்னு சொன்னா அது பொய் இல்ல. முழு உண்மையும் இல்ல, கொஞ்சம் பந்தாவும் இருந்துச்சு.

ஆகஸ்ட் மாசம் ஜிஎஸ்டிய குறைக்கப் போறாங்கன்னு பேச்சு வந்தப்பவே எனக்கு திக்குன்னு ஆச்சு. வேற எவனாவது சந்தோஷப்படுவான், நான் மட்டும் போன் வெலை குறையக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன், ஏன்னா நான்தான் வாங்கிட்டேனே. வேண்டுதல் பலிச்சுது. செப்டம்பர் 22லருந்து ஏசி, பெரிய டிவிக்கெல்லாம் 28லருந்து 18க்கு எறங்குச்சு, போனுக்கு மட்டும் அதே 18தான். 2020 ஏப்ரல்ல 12லருந்து 18 ஆக்கினது அப்படியே நிக்குது. அப்பாடான்னு இருந்தேன்.

ஆனா அதுக்கு முன்னாடியே செப்டம்பர் 9 ராத்திரி ஐபோன் 17 வந்துடுச்சு, 19ந் தேதிலருந்து கடைல. எல்லா வருஷமும் மாதிரி கலர மாத்தி, கேமராவ கொஞ்சம் தூக்கி, வேற ஒண்ணும் இல்லாம விட்டிருந்தா நான் தூங்கியிருப்பேன். இந்த தடவ பாத்து பாத்து என் வயித்துலயே அடிச்ச மாதிரி, 16ல என்னென்ன இல்லன்னு நான் மனசுக்குள்ள மொனகிக்கிட்டு இருந்தேனோ அத்தனையும் குடுத்துட்டாங்க. டிஸ்ப்ளே 60 ஹெர்ட்ஸ்லருந்து 120. ஸ்டோரேஜ் ஆரம்பமே 256. வெயில்ல ஸ்க்ரீன் வெளிச்சம் 2,000 நிட்ஸ்லருந்து 3,000. வெலை 82,900. நான் வாங்குன 16லயே 256 வேணும்னா வந்த புதுசுல 89,900 சொன்னாங்க, இப்ப அதவிட நல்ல போன் அதவிட 7,000 கம்மி. கூடவே என் போன் எம்ஆர்பி 10,000 எறங்கி 69,900. அதுக்கு அடுத்த வாரமே ஆன்லைன் சேலு, அதுல வந்த வெலைய நான் இங்க எழுதப்போறதில்ல, எழுதுனா பிபி ஏறும்.

இது பத்தாதுன்னு என் மச்சான், வீட்டுக்காரம்மாவோட தம்பி, 17ஐ வாங்கிக்கிட்டு நேரா எங்க வீட்டுக்கு வந்துட்டான். லேவண்டர் கலரு. "மாமா, சும்மா புடிச்சு பாருங்க"ன்னான். பையன் கெட்டவன் இல்ல, காட்டணும்னு ஆசை, அவ்ளோதான். சமையல்கட்டு வாசல்ல நின்னுக்கிட்டே ரெண்டு போனையும் பக்கத்துல பக்கத்துல வச்சு அதே வாட்ஸ்அப் லிஸ்ட்ட ரெண்டு கட்டை விரலால ஒரே நேரத்துல தள்ளி பாத்தேன். உள்ள என் மனைவி தோசை ஊத்திக்கிட்டு இருக்கா, அவ போனு வழக்கம்போல ஒயரு மேல அஞ்சறைப்பெட்டிய தூக்கி வச்சு சார்ஜ் ஏறிக்கிட்டு இருக்கு.

அங்கதான் தப்பு பண்ணேன், அப்படி பக்கத்துல வச்சு பாத்திருக்கவே கூடாது. 60ன்னா ஒரு செகண்டுக்கு ஸ்க்ரீன் 60 தடவ மாறும், 120ன்னா 120 தடவ, இது படிச்சா ஒண்ணும் பெருசா தோணாது. கண்ணால பாத்தா அவனோடது எண்ணெய் தடவுன தரையில வழுக்கற மாதிரி போகுது, என்னோடது எழுத்தெல்லாம் லேசா நடுங்கி நடுங்கி வருது. அதுக்கு முன்னாடி மூணு மாசம் ஒரு நாள் கூட எனக்கு அந்த நடுக்கம் தெரிஞ்சதில்ல. பாத்த நிமிஷத்துலருந்து வேற எதுவும் தெரியல. பக்கத்துல நின்ன என் பொண்ணு, எட்டாவது படிக்கறா, "அப்பா உங்க போன் ஜெர்க் ஆவுதுப்பா"ன்னு சொல்லிட்டு போய்ட்டா.

மறுநாள் ஆபீஸ்ல இன்னொண்ணு. எங்க ஆபீஸ்ல டாக்குமென்ட் எடுத்துக்கிட்டு கஸ்டம்ஸ் ஹவுஸுக்கு ஓடற தம்பி ஒருத்தன் இருக்கான், அவன் வச்சிருக்கறது 14,000 ரூபா ஆண்ட்ராய்டு. வாங்கி செட்டிங்ஸ்ல பாத்தேன். 120. "ஏன் சார் கேக்கறீங்க"ன்னான். சும்மாதான்பான்னு குடுத்துட்டேன். 14,000 ரூபா போன்ல பல வருஷமா இருக்கறத 80,000 ரூபா போன்ல இல்லாம வச்சு, அடுத்த வருஷம் குடுத்து அத ஒரு விசேஷமா விக்கறாங்களே, அந்த வியாபார மூளைய பாத்து கோவப்படறதா கும்புடறதான்னு தெரியல.

அப்ப ஆரம்பிச்சுது கணக்கு. எக்ஸ்சேஞ்ச் போட்டா எவ்ளோ வரும்? ஆன்லைன்ல போட்டு பாத்தேன், ஒரு தளத்துல பெரிய எழுத்துல ஒரு தொகை காட்டுச்சு, பக்கத்துல சின்ன எழுத்துல "வரை". அந்த "வரை"ங்கற ஒரு வார்த்தைதான் வியாபாரமே. ஸ்க்ராட்ச் இருக்கா, சார்ஜர் இருக்கா, பில் இருக்கான்னு ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல்லச் சொல்ல தொகை எறங்கிக்கிட்டே வருது, கடைசில வீட்டுக்கு ஆள் வந்து செக் பண்ணித்தான் ஃபைனல்னு முடியுது. சரி, மனுஷங்ககிட்டயே கேட்ருவோம்னு ஒரு சனிக்கெழம டோல்கேட்ல மெட்ரோ ஏறி ஹைகோர்ட் ஸ்டேஷன்ல எறங்கி பர்மா பஜாருக்கு நடந்தேன். பாக்ஸு, பில்லு, கேபிள், எல்லாம் ஒரு மஞ்சப்பைல.

பர்மாலருந்து வந்தவங்களுக்காக 1969ல வந்த பஜாரு அது. எங்கப்பா காலத்துல ஃபாரின் டேப் ரெக்கார்டர், சென்ட்டு, இப்ப முழுக்க போனு. எனக்கு தெரிஞ்ச பாய் ஒருத்தர் கடை இருக்கு, நாலடிக்கு ஆறடி இருந்தா பெருசு. போனை கைல குடுத்தேன். மனுஷன் பேசவே இல்ல. மொதல்ல ட்யூப்லைட்டுக்கு நேரா சாய்ச்சு கண்ணாடிய பாத்தாரு. அப்பறம் சுண்டுவிரல் நகத்தால கேமரா வளையத்த சுத்தி ஒரு ரவுண்டு, சார்ஜர் ஓட்டைக்குள்ள டார்ச் அடிச்சு பாத்தாரு, உப்புக்காத்து ஏரியா இல்லையா, அங்கதான் பச்சை புடிக்குமாம். *#06# அடிச்சு ஐஎம்இஐ நம்பர பாக்ஸோட ஒத்து பாத்தாரு, பில்லோட ஒத்து பாத்தாரு. செட்டிங்ஸ் போய் பேட்டரி, ஹெல்த் 100, சார்ஜ் சைக்கிள் 96. வாரண்டி எந்த மாசம் வரைக்கும்னு பாத்தாரு. வாய்ஸ் ரெக்கார்டர்ல "ஹலோ ஹலோ"ன்னு சொல்லி போட்டு கேட்டாரு. எல்லாம் முடிச்சு கால்குலேட்டர எடுத்து ஒரு நம்பர் அடிச்சு, வாயால சொல்லாம, அத என் பக்கம் திருப்பி வச்சாரு.

41,500.

"பாய், மூணு மாசம் ஆன போன் பாய்."

"போன்ல ஒரு குறையும் இல்ல ண்ணா, கண்ணாடி மாதிரி வச்சிருக்கீங்க. ஆனா சேல்ல சீல் பாக்ஸே 50 சொச்சத்துக்கு வருது, நான் எத்த சொல்லி எவனுக்கு விப்பேன், நீங்களே சொல்லுங்க."

இழுத்து புடிச்சு 42,500க்கு வந்தாரு. அதுக்கு மேல பைசா ஏறல. யோசிச்சுட்டு வரேன் பாய்னு சொன்னேன், "யோசிங்க, ஆனா ரொம்ப யோசிக்காதீங்க, தீபாவளிக்கு அப்பால இதுவும் கெடைக்காது"ன்னாரு. மெரட்டல் இல்ல, நெசத்த சொன்னாரு. செகண்ட் லைன் பீச்ல நின்னு ஒரு அத்தோ, முட்டை மசாலா, வாழத்தண்டு சூப்பு. சூப்பு குடிச்சுக்கிட்டே பில்லு பின்பக்கத்துல கணக்கு போட்டேன்.

82,900ல 42,500 போனா 40,400. இது எல்லாருக்கும் தெரியற கணக்கு. தெரியாத கணக்கு கீழ இருக்கு. என் 72,000 பில்லுல ஜிஎஸ்டி மட்டும் 10,983 ரூபா. போன் கடைய விட்டு வெளிய வந்த அன்னிக்கே அந்த 11,000 செத்துப்போச்சு, ஏன்னா செகண்ட் ஹேண்டுல வாங்கறவன் நான் கட்டுன வரிக்கு காசு தரமாட்டான். இதே ஒரு கம்பெனி பேர்ல வாங்கியிருந்தா கட்டுன ஜிஎஸ்டிய இன்புட்டுன்னு அவங்க கட்டவேண்டிய வரில கழிச்சுப்பாங்க, நம்ம மாதிரி ஆளுக்கு அது இல்ல. புது 17ல மறுபடியும் 12,646. ஒரே வருஷத்துல ரெண்டு போனுக்கு 23,600 ரூபா வரி மட்டும். நாள் பூரா கஸ்டம்ஸுக்கு குடுக்கற பில் ஆஃப் என்ட்ரில ஊரான் சரக்குக்கு ட்யூட்டி கணக்கு போடறவன், சொந்த போனுக்கு இந்த கணக்க போடாம ஹைகோர்ட் ஸ்டேஷன் வரைக்கும் வந்திருக்கேன்.

அப்பறம் இஎம்ஐ. மூணு கட்டியாச்சு, மூணு பாக்கி, 36,000. போனை பாய்கிட்ட குடுத்துட்டாலும் பேங்க்கு விடாது, டிசம்பர் வரைக்கும் என் கைல இல்லாத போனுக்கு நான் மாசம் 12,000 கட்டணும், புதுசுக்கு வேற தனியா இஎம்ஐ. நோ காஸ்ட்னு பேருதான், வட்டிய கடைக்காரர் பக்கத்துல டிஸ்கவுண்ட்டா கழிச்சு காட்டுவாங்க, ஆனா பேங்க் அந்த வட்டிமேல 18 சதவீதம் ஜிஎஸ்டிய நம்மகிட்ட வாங்கிக்கும், ப்ராசஸிங் ஃபீஸும் போகும். சின்ன தொகைதான், ஸ்டேட்மென்ட்ல எறும்பு மாதிரி வரிசையா வரும், அதனால யாரும் கண்டுக்கறதில்ல. ரெண்டு போனுக்குன்னா ரெண்டு வரிசை எறும்பு. இதுக்கு மேல ஸ்க்ரீன் 6.1 இஞ்சுலருந்து 6.3, பழைய கவர் சேராது, டெம்பர்டு கிளாஸ் சேராது, அதுக்கு ஒரு 1,000.

இவ்ளோ கணக்கு போட்டும் மனசு அடங்கலங்கறதுதான் வேடிக்கை. ராத்திரி படுத்துக்கிட்டு 17 வீடியோவா பாத்துக்கிட்டு இருக்கேன், அதுவும் எந்த போன்ல? 60 ஹெர்ட்ஸ் போன்ல. அதுல 120 எப்படி தெரியும். அப்பதான் எனக்கே ஒரு விஷயம் ஒறைச்சுது, எனக்கு 17 மேல ஆசைய விட, ஜூன்ல அவசரப்பட்டு ஏமாந்துட்டேனோங்கற கடுப்புதான் ஜாஸ்தி. 40,000 குடுத்து மாத்திட்டா அந்த ஜூன் மாசமே நடக்காத மாதிரி ஆய்டும்னு மனசு நெனைக்குது. நான் ஏமாறவும் இல்ல, தண்ணில போன் விழுந்துச்சு, வாங்கினேன், அவ்ளோதான்.

சரி, எனக்கு நெசமா 16ல என்ன கஷ்டம்னு நேர்மையா யோசிச்சு பாத்தா ரெண்டே ரெண்டு. ஒண்ணு வெயிலு. யார்டுல பதினோரு மணிக்கு மேல தகரத்துக்கு நடுவுல நின்னு போட்டோ எடுக்கும்போது ஸ்க்ரீன் திடீர்னு மங்கிடும், சீல் நம்பர் ஃபோகஸ் ஆச்சா இல்லையான்னே தெரியாது. 3,000 நிட்ஸ் வந்தா தீந்துடும்னு நெனச்சேன். அப்பறம் படிச்சு பாத்தா, அது வெளிச்சம் பத்தலன்னு மங்கல, போன் சூடாயி தன்ன காப்பாத்திக்க மங்குது. ஐபோனுக்கு கம்பெனியே சொல்ற வெளி வெப்பம் 35 டிகிரி வரைக்கும்தான். மணலில 35 டிகிரின்னா எங்களுக்கு குளுகுளுன்னு இருக்கற நாள். 17க்கும் அதே 35தான். இப்ப கவர கழட்டி வச்சுட்டு, டெலிவரி ஆர்டர் ஃபைல நெழலுக்கு புடிச்சுக்கிட்டு எடுக்கறேன், பாதி பிரச்சினை போச்சு.

ரெண்டாவது ஸ்டோரேஜ். இது நெசமான பிரச்சினை, 128ல 9 ஜிபிதான் மிச்சம் இருந்துச்சு. ஒரு ஞாயித்துக்கெழம கறி சாப்ட்டுட்டு உக்காந்தேன். வாட்ஸ்அப் மட்டும் 41 ஜிபி. செட்டிங்ஸ்ல ஸ்டோரேஜ மேனேஜ் பண்ற எடம் இருக்கே, அதுல எந்த க்ரூப்பு எவ்ளோ தின்னுதுன்னு பெருசுலருந்து சிறுசா காட்டும். மொத எடம் என் மாமனார் வீட்டு சொந்தக்காரங்க க்ரூப்பு, முழுக்க காலை வணக்கம், பூ, முருகர், யாரோ ஒரு டாக்டர் வெந்தயத்த பத்தி பேசற வீடியோ ஏழு தடவ. ரெண்டாவது எடம் ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி டெலிவரி ஆன கன்டெய்னருங்க, பழைய போன் பேக்கப்லருந்து அப்படியே வந்தது. பார்ட்டி பேர் கூட மறந்துபோச்சு. 27 ஜிபி காலி பண்ணேன். அப்பறம் கேமரா செட்டிங்ஸ பாத்தா வீடியோ 4கே 60ல இருக்கு, அதுல ஒரு நிமிஷத்துக்கு கிட்டத்தட்ட 400 எம்பி, பொண்ணோட ஸ்கூல் ஃபங்ஷன் ஒரு டான்ஸே ரெண்டு ஜிபி சாப்ட்டிருக்கு, அதுல பாதி முன்னாடி நின்ன ஒருத்தர் தலை. 1080ல 30க்கு மாத்துனேன், நிமிஷத்துக்கு 60 சொச்சம் எம்பிதான். ஐக்ளவுட்ல 50 ஜிபி மாசம் 75 ரூபா போட்டு போட்டோவெல்லாம் மேல ஏத்திவிட்டேன். சாயங்காலம் அஞ்சு மணிக்கு பாத்தா 70 ஜிபி ஃப்ரீ.

சாஃப்ட்வேருக்கும் கவலை இல்ல. புதுசா வந்த ஐஓஎஸ் 26 என் போனுக்கும் அதே நாள் வந்துச்சு, 2019ல வந்த ஐபோன் 11க்கே குடுத்திருக்காங்க, என்னுது 2024 மாடலு. பேட்டரியும் ஆயிரம் சைக்கிள் ஓடுனாலும் 80 சதவீதம் நிக்கும்னு சொல்றாங்க, எனக்கு மூணு மாசத்துக்கு 96, அப்ப ரெண்டரை வருஷம் தாராளம். ஆக கடைசில மிச்சம் நின்னது அந்த வழுக்கல் மட்டும். வழுக்கலுக்கு 40,400. ஒரு வாரம் மச்சான் வீட்டுப் பக்கம் போகாம இருந்தேன், சிரிக்காதீங்க, நெசமாவே நடுக்கம் கண்ணுக்கு தெரியறது நின்னுபோச்சு.

பாய்க்கு போன் போட்டு இப்ப குடுக்கல பாய்னு சொல்லிட்டேன். "நல்லது ண்ணா, அடுத்த வருஷம் வாங்க, 30 தரேன்"ன்னாரு.

தீபாவளிக்கு ரெண்டு நாள் முன்னாடி சமையல்கட்டுல தண்ணி குடிக்க போனப்ப அஞ்சறைப்பெட்டிய நகத்திட்டேன். என் மனைவி "ஏங்க, அத தொடாதீங்க, இப்பதான் ஒரு வழியா ஏற ஆரம்பிச்சுது"ன்னு கத்துனா. எவ்ளோ நாளா இப்படின்னு கேட்டேன். பொங்கல்லருந்துன்னா. ஏன் சொல்லலன்னு கேட்டேன், "நீங்கதான் உங்க போனு கணக்குல இருந்தீங்களே"ன்னு தோசைய திருப்பிக்கிட்டே சொன்னா. நாலு வருஷ போனு, சார்ஜர் பின்னு ஆடுது, ஓரத்துல விரிசல். வந்த போனஸ்ல எம்சி ரோட்டுக்கு துணி எடுக்க போன அன்னிக்கே பக்கத்துல ஒரு கடைல அவளுக்கு 14,500க்கு ஒரு ஆண்ட்ராய்டு வாங்கினேன், 256 ஜிபி.

நேத்து ராத்திரி அவ கரண்ட் பில்லு பாக்கணும்னு என் போனை எடுத்தா. ரெண்டு தடவ மேலயும் கீழயும் தள்ளிட்டு, திருப்பி திருப்பி பாத்துட்டு, "ஏங்க, இவ்ளோ துட்டு போட்டு வாங்கினீங்க, இது ஏன் இப்டி நடுங்குது?"ன்னு கேட்டா.